டர்பன்டைன் முடக்குக்கு அப்பால்

1. நம் தோட்டத்துப் பெண்கள் ஒரு பொய்ப் பிணத்துக்குப் பாடை கட்டினார்கள்.
2. அந்தப் பிணத்துக்கு உடுத்த என் அம்மா தன் சீலையைக் கொடுத்தார்.
3. தூக்க மாட்டோம் என்று ஆண்கள் விலகிக்கொண்டார்கள். பெண்களே தூக்கிக்கொண்டு, அதுவரை எந்தப் பெண்ணும் போகாத மயானத்துக்குப் போனார்கள்.
4. நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு வண்டி தருவதாகத் தோட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டது.
5. அந்த வண்டி வருவதற்குள் அம்மா இறந்துபோனார்.
6. இரண்டாவதுதான் ஐந்தாவதுக்குக் காரணம் என்று தோட்டம் முடிவு செய்தது.

பொல்பிட்டியப் பக்கம் ஒரு மின்நிலையத்தில் எனக்கு வேலை. அங்கே ஓர் இயந்திரம் நின்றுபோனால், முதலில் நடந்ததை வரிசையாக எழுதச் சொல்வார்கள். காரணத்தை அதன் பிறகுதான் தேட வேண்டும். மேலே உள்ள ஆறாவது வரியை நான் அங்கே எழுதிக் கொடுத்திருந்தால், என் மேலதிகாரி அதைச் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பார். நம் தோட்டத்தில் அதைச் சுழிக்க யாரும் இல்லை.

ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இப்போது கொழும்பில் கடைகளிலும் கட்டுநாயக்கவில் தையல் மேசைகளிலும் இருக்கிறீர்கள். இரண்டு பேர் டுபாயில். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் தோட்டத்தில் சந்தித்தபோதெல்லாம் எதை எதையோ பேசிச் சிரித்தோம். இதை மட்டும் பேசவில்லை. அன்று நீங்களும்தான் அந்தப் பாடைக்குப் பின்னால் ஓடினீர்கள்.

குளவியிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் லயத்தின் கடைசி வீட்டுப் பெரியம்மாவை நினைவிருக்கும். நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவித்த மரவள்ளிக்கிழங்கை இலையில் வைத்துத் தருவார். அந்த வருடம் மழைக்கு முன்னால், கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்து அவரைக் கொட்டிவிட்டது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கூடையோடு, தலையில் சுற்றிய துணியோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. தோட்டத்தில் இருந்த ஒரே வண்டி கொழுந்து லொறி. கொழுந்துச் சாக்குகளின் மேல் அவரைப் படுக்க வைத்தார்கள். லொறி நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதலில் தொழிற்சாலைக்குப் போய்ச் சாக்குகளை இறக்கியது.

இது கொடுமைக்காகச் செய்ததல்ல. நம் தோட்டத்தில் வேலை நடந்த முறையே அதுதான். கொழுந்து வாடக் கூடாது, சூடேறக் கூடாது. லொறி எங்கே கிளம்பினாலும் அதன் முதல் நிறுத்தம் தொழிற்சாலை. லொறிக்காரர் பிறகு அழுதுகொண்டே சொன்னார்: "கொழுந்த எறக்காமப் போனா என் சீட்டக் கிழிச்சிருவாங்க தாயி. நான் என்னா செய்ய?" சாக்குகளை இறக்கி முடித்தபோது பெரியம்மா இறந்திருந்தார். அவருடைய சீலையெல்லாம் பச்சைக் கொழுந்தின் வாசம். இன்றைக்கும் பச்சைக் கொழுந்து மணத்தால் உங்களுக்குத் தோட்டம் ஞாபகம் வரும். எனக்கு அந்தச் சீலைதான்.

அந்தச் சாவு வீட்டுக்குத் தொரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு வண்டி தருவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். தோட்டத்துச் சங்கத் தலைவர் அதைத் தமிழில் இன்னும் பெரிய சத்தத்தில் சொன்னார். கைதட்டக் கூடாத இடத்தில் சிலர் கைதட்டினார்கள்.

மழை வந்தது. மழை போனது. வண்டி வரவில்லை. நாம் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு "தள்ளு தள்ளு, தொரை வண்டி வருது" என்று விளையாடினோம். ஒருவர் நோயாளியாகப் படுக்க வேண்டும். மற்றவர்கள் கொழுந்து இறக்குவதுபோல நடிக்க வேண்டும். பெரியவர்கள் பார்த்தால் அடித்தார்கள்.

இப்போது அத்தை. அப்பாவின் தங்கை. கொழும்பில் சில வருடம் ஆடைத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, அங்கே ஒரு வேலைநிறுத்தத்தில் பெயர் அடிபட்டுத் திரும்பி வந்தவர். எங்கள் வீட்டிலேயே இருந்தார், எங்கள் மலையிலேயே கொழுந்து எடுத்தார். சத்தமாகச் சிரிப்பார். லயத்தில் முதன்முதலில் கூந்தலைத் தோள் வரை வெட்டிக்கொண்ட பெண் அவர்தான். தோட்டத்துச் சங்கத்தில் அவருக்கு மாதர் தலைவி என்று ஒரு பதவி கொடுத்திருந்தார்கள். கூட்டம் நடக்கும்போது தேத்தண்ணி ஊற்றுவதுதான் அந்தப் பதவியின் வேலை.

ஒரு கூட்டத்தில் தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தை கேட்டார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"தலைவரே, வண்டி என்னாச்சு?"

"பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு தாயி."

"பேச்சு நல்லாத்தான் நடக்குது. வண்டிதான் நடக்க மாட்டேங்குது."

ஆண்களும் சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு முகம் சிவந்தது. "அப்ப நீயே போய்க் கேளேன் புள்ள. ஒனக்குத்தான் கொழும்பு வழக்கமெல்லாம் தெரியுமே" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்படியில் பெண்கள் கூடினார்கள். அம்மா வயிற்றில் பிள்ளையோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பிறகு நீண்ட காலம் கழித்துத் தங்கிய பிள்ளை. வண்டி யாருக்கு அவசரம் என்பது அந்த அடுப்படியில் எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தது.

"வேலைய நிறுத்துவோம்" என்றார் ஒருவர்.

"நிறுத்தினா புருசனுங்க நம்மள நிறுத்திப்புடுவானுங்க."

"பெட்டிசம் எழுதுவோம்."

"எழுதின பெட்டிசமெல்லாம் ஆபீசு அலுமாரியில முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சிருக்கும்."

அத்தைதான் சொன்னார்: "தொரை குடுத்த வாக்கு செத்துப்போச்சு. செத்தா என்னா செய்வோம்? பாடை கட்டுவோம். ஒப்பாரி வைப்போம். அத யாரு தடுக்க முடியும்?"

அம்மா சிரித்தார். வயிறு குலுங்க, ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு சிரித்தார்.

கொழும்பில் கொடும்பாவி கொளுத்துவார்கள், அத்தை பார்த்திருக்கிறார். ஆனால் நம் பெண்களுக்கு அது போதவில்லை. செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப்போட்ட மிலார்க் குச்சிகளை ஆள் நீளத்துக்குக் கட்டினார்கள். மானாப்புல்லால் உடம்பு செய்தார்கள். மூங்கிலும் பச்சை ஓலையும் கொண்டுவந்து பாடை கட்டினார்கள். பாடை கட்டுவது ஆண்களின் வேலை. அவர்கள் முடிச்சுப் போடும் விதத்தைத் தூரத்தில் நின்று பார்த்தே பெண்கள் கற்றிருந்தார்கள். உடுத்த ஒரு சீலை வேண்டும் என்றபோது, ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்து உள்ளே போனார். நீலச் சீலை, மஞ்சள் கரை. ஹட்டனில் ஒரு தீபாவளிக்கு அப்பா எடுத்துக் கொடுத்தது. முந்தானையில் அடுப்புப் பொறி பட்டு இரண்டு ஓட்டைகள். என் காய்ச்சல் நாட்களில் அந்த முந்தானைதான் என் போர்வை; ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு தூங்குவேன்.

"இந்தா, இதக் கட்டுங்க. என்னாலதான் ஆபீசுப் பக்கம் போக முடியல. என் சீலையாவது தொரையப் பாத்துட்டு வரட்டும்."

"அண்ணி, நல்ல சீலையாட்டம் இருக்கே" என்றார் அத்தை.

"பிள்ள பொறந்தா ஒங்கண்ணன் புதுசு எடுப்பாரு. இல்லீங்களா?"

அப்பா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "எடுக்காம? பொணத்துக்கே சீலை குடுத்த மகராசியாச்சே" என்று சிரித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன். தோழர்களே, வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

மறுநாள் காலையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க, பெரட்டுக்குப் போகிற நேரத்தில் பாடை கிளம்பியது. ஆரம்பத்தில் ஆண்கள்தான் தூக்கினார்கள். அவர்களுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. தப்புக்காரரும் வந்தார். திட்டம் எளிமையானது: ஆபீசு வாசலில் பாடையை இறக்கி வைத்து ஒப்பாரி பாடுவது, தொரை வெளியே வந்து பதில் சொல்வது, கலைவது. பெண்கள் வட்டமாக நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையைச் சேர்த்துப் பாடினார்கள். அத்தை எடுத்துக் கொடுத்தார்:

"மலையேறி வருமின்னு சொன்ன வாக்கே – நீ
மடுவத்தத் தாண்டும் முன்னே மடிஞ்சாயே!
எங்கள நீ கொண்டுபோவேன்னு இருந்தோம் – இப்ப
ஒன்னக் கொண்டுபோக ஆளாச்சே!"

முதல் நான்கைந்து அடி சிரிப்போடு பாடினார்கள். பிறகு கடைசி வீட்டுப் பெரியம்மாவின் மகள் உண்மையாகவே அழத் தொடங்கினார். அதன் பிறகு அங்கே விளையாட்டு இல்லை.

தொரை வெளியே வரவில்லை. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து, கொழும்பிலிருந்து பதில் வர வேண்டும் என்றார். தலைவர் கையை உயர்த்தி, "சரி, நம்ம எதிர்ப்பக் காட்டியாச்சு. எல்லாரும் தூக்கிக்கிட்டு லயத்துக்குத் திரும்புங்க" என்றார்.

அப்போதுதான் தப்புக்காரர் தப்பைத் தாழ்த்திவிட்டுக் கேட்டார்: "தலைவரே, கட்டின பாடைய லயத்துக்கு எப்பிடிங்க திருப்புறது?"

நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு அது. கிளம்பிய பாடை வீட்டுப் பக்கம் திரும்பினால் வேறொரு உயிரைத் தேடும் என்பார்கள். திட்டம் போட்ட யாருக்கும் இது தோன்றவில்லை. வெறும் கொடும்பாவியாக இருந்திருந்தால் அங்கேயே கொளுத்தியிருக்கலாம். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஓலை, முடிச்சு, தப்பு எல்லாம் சரியாகச் செய்ததால் அது உண்மையான பாடையாகிவிட்டது. இனி அது மயானத்துக்குத்தான் போக முடியும்.

ஆண்கள் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள். "குச்சிக்கெல்லாம் குழி வெட்ட முடியாது. நாளைக்கி நாங்க செத்தா எந்த மூஞ்சியோட அங்க போறது?" என்றார் ஒருவர். சின்னப் பேச்சு, சத்தம், ஏச்சு. கொஞ்ச நேரத்தில் ஆண்கள் எல்லாரும் பாதையின் மேல் பக்கம் ஏறி நின்றுகொண்டார்கள். பாடை நடுவில் கிடந்தது, அம்மாவின் நீலச் சீலையோடு.

அத்தை படங்கை இறுக்கிக் கட்டினார். "தூக்குங்க புள்ளைகளா. கொழுந்துக் கூடையவிடவா கனம்?"

மயானப் பாதை வளைந்து திரும்பும் டர்பன்டைன் முடக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரமான மரங்கள், எண்ணெய் வாசம், காய்ந்த பட்டை உரிந்து தொங்கும். ஒவ்வொரு சாவிலும் பெண்கள் அந்த முடக்கு வரை வருவார்கள். அங்கே தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அதற்கு அப்பால் ஆண்களுக்கு மட்டும். பெற்ற பிள்ளையைப் புதைத்த இடம் எது என்று தெரியாத தாய்மார் நம் லயத்தில் இருந்தார்கள்.

முடக்கில் பெண்களின் கால்கள் தாமாகவே நின்றன. பழக்கம். பின்னால் ஓடிவந்த நாமும் நின்றோம். மேலே பாதையில் ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்புச் சத்தம் நின்றிருந்தது. பிறகு, பெரியம்மாவின் மகள்தான், முன் மூங்கிலைத் தூக்கியிருந்தவர், "எங்கம்மாவ எங்க வச்சீங்கன்னு பாக்கணும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களின் கால்களும் நடந்தன.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. நாம் எவ்வளவோ பயந்திருந்தோம். ஒரு சரிவு, மானாப்புல், சாய்ந்த கற்கள், யாரோ விட்டுப்போன ஊதுபத்திக் குச்சிகள். புல் இன்னும் மூடாத மண்மேட்டைப் பார்த்து மகள் உட்கார்ந்துவிட்டார். மற்றப் பெண்கள் கலைந்து கல்கல்லாகத் தேடினார்கள். "இதுவா இருக்குமா?" "இல்ல, அவன் போனப்ப அந்தச் சவுக்கு சின்னக் கன்று." வாக்கை மறந்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் மண் கொத்தும் இரும்பு முள்ளால் குழி வெட்டி மிலார்க் குச்சியைப் புதைத்தார்கள். சீலையை உருவிக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார். பிணத்தின் மேல் போட்டதை எடுக்கக் கூடாது என்றார்கள். அம்மாவின் சீலை அங்கே மண்ணுக்குள் போனது.

ஒரு பொடியன் அதையெல்லாம் போனில் எடுத்திருந்தான். ஒப்பாரி, பாடை தூக்கும் பெண்கள், முடக்கு. அது ஹட்டன் கடைகளில் போன் போனாக ஓடி, கொழும்புக்குப் போய், தொலைக்காட்சியில் வந்தது. அதன் பிறகு பதில் சீக்கிரம் வந்தது. அடுத்த மாதம் வண்டி என்று ஆபீசுப் பலகையில் ஒட்டினார்கள். தலைவர் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வந்து அத்தையின் வெட்டிய கூந்தலை இழுத்துச் சிரித்தார்கள். ஒரு வாரம் லயம் நன்றாக இருந்தது. அம்மா அத்தையிடம், "பிள்ளைய அந்த வண்டியிலதான் பெக்கப் போறேன். பஸ்ஸு மாதிரி ஆரன் அடிச்சுக்கிட்டுப் போகணும்" என்றார்.

அம்மாவுக்கு நாள் முந்திக்கொண்டது. மழை பெய்த ஒரு பிற்பகல். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், காலடியில் இரத்தம். டிஸ்பென்சரி ஐயாவைக் கூட்டிவந்தோம். அவர் தலைப்பிள்ளை இல்லையே என்றார், இன்னும் நேரம் இருக்கிறது என்றார், லொறி வரட்டும் என்றார். லொறி மேல் மலையில் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தது. அத்தை மழைக்குள் ஓடினார். லிந்துலையிலிருந்து ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்தார். லயத்துக்கு வரும் ஏற்றத்திலேயே அது சேற்றில் புதைந்தது. இறங்கிப் போய்த் தள்ளியவர்களில் அப்பாவும் ஒருவர். அதற்குள் லொறி வந்துவிட்டது. சாக்குகளோடு வந்தது. இந்தத் தடவை லொறிக்காரர் தொழிற்சாலைக்குப் போகவில்லை, அம்மாவை ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அம்மா வழியிலேயே போய்விட்டார். பிள்ளையும். ஆண்பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நான் இப்போது வரிசைப்படுத்துவதானால்: நிற்காத இரத்தம். இருக்கிறது என்று சொல்லப்பட்ட நேரம். மேல் மலையில் லொறி. சேறு. பலகையில் மட்டும் இருந்த வண்டி. இந்த வரிசையில் எந்த இடத்திலும் சீலையை வைக்க எனக்குத் தெரியவில்லை. முயன்று பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் பெட்டி வந்த அன்று வாசலிலேயே பேச்சு தொடங்கியது. அடுத்த வீட்டு அம்மா, நம் எல்லாருக்கும் தலைவாரி விட்டவர், சத்தமாகச் சொன்னார்: "உடுத்தின சீலை பாடையில போனா ஆளு நிப்பாளா? அப்பவே சொன்னேன்." அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. பாடையின் இடது மூங்கிலைத் தூக்கியவரே அவர்தான். ஆனால் அதற்குள் எல்லாரும் அப்போதே சொன்னவர்களாகியிருந்தார்கள். பொம்பளை போகக் கூடாத இடத்துக்குப் போனது, பொய்க்கு ஒப்பாரி வைத்தது, கூந்தலை வெட்டியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அத்தை பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். ஒப்பாரி சொல்ல அவரைவிட ஆள் இல்லை. யாரும் அவர் தோளில் கை போடவில்லை. தனியாக ஒப்பாரி வைக்க முடியாது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கினார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முடக்குக்கு முன்னால் அப்பா திரும்பினார். ஏசவில்லை. களைத்துப்போன குரலில், "தங்கச்சி, நீ இதுக்கு மேல வராத. ஒனக்குக் கும்புடு" என்றார்.

நான் மற்றப் பெண்களைப் பார்த்தேன். பெரியம்மாவின் மகளைப் பார்த்தேன். அவர்கள் போனால் அத்தையும் போகலாம் என்று நினைத்தேன். குச்சிக்காகப் போனவர்கள் அம்மாவுக்காகப் போகமாட்டார்களா? அவர்கள் டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே, பழைய இடத்தில், பழையபடி நின்றார்கள். தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருவரும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. பெட்டி முடக்கில் திரும்பி மறைந்தது. பெரியப்பா மகன், என்னைவிடச் சின்னவன், கொள்ளிக்குடத்தோடு போனான். நான் அத்தையின் கையை விட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். தலைவாரி விடும் அந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பொம்பளப் புள்ள போகக் கூடாதுடி" என்று மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் அழுதார். உண்மையாகத்தான் அழுதார்.

அம்மாவின் எட்டுச் சடங்குக்கு மறுநாள் வண்டி வந்தது. வெள்ளை நிறம். கோவில் முன்னால் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தலைவர் தேங்காய் உடைத்தார். நாமெல்லாம் அதன் கண்ணாடியில் முகம் பார்த்தோம். அத்தை அன்றைக்குத்தான் ஒரு பையோடு ஹட்டன் பஸ்ஸில் ஏறினார். கீழே பாதையில் பஸ் போனபோது மேலே வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தார். நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனபோது அந்த அறையில்தான் தங்கிப் படித்தேன். அப்பாவுக்குத் தெரியும், கேட்டதில்லை. அத்தை அந்த ஒளிப்பதிவைத் தன் போனில் வைத்திருக்கவில்லை. நான் ஒருமுறை தேடி எடுத்துக் காட்டினேன். சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். நீலச் சீலை தெரியும் இடம் வந்ததும், "அண்ணி அத நல்லா மடிச்சுக் குடுத்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அந்தப் படம் நம் தோட்டத்தில்தான் மறக்கப்பட்டது. வெளியே அது வேலை செய்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டமொன்றில் தண்ணீர்க் குழாய்க்காகப் பெண்கள் பாடை தூக்கினார்கள். வேறோர் இடத்தில், மகன்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருந்த ஓர் அம்மாவை மகள்களே மயானம் வரை கொண்டுபோனார்கள். அது நம் பக்கமும் வந்தது. யார் முதலில் என்று சொல்ல முடியாதபடி, ஒரு சாவுக்கு இரண்டு பேர், அடுத்த சாவுக்குப் பத்துப் பேர் என்று முடக்கைத் தாண்டினார்கள். போன தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு சாவுக்கு நான் போனபோது, லயத்துப் பெண்கள் எல்லாரும் குழி வரை வந்து மண் போட்டார்கள். தலைவாரி விட்ட அந்த அம்மாவும் வந்தார், தடியை ஊன்றிக்கொண்டு.

"நீங்க இங்கெல்லாம் வருவீங்களா?" என்று கேட்டேன்.

"என்னாடி கேள்வி இது? நாங்க எப்பவும் வர்றதுதானே" என்றார்.

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அத்தையைப் பற்றிக் கேட்டால், சீலைக் கதை இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு நூல்கூட மாறவில்லை.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. மாதம் இரண்டுமுறை கிளினிக். போன தடவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, வழக்கமாக மழையைப் பற்றிப் பேசுகிறவர், வேறு பேசினார்.

"புள்ள, எனக்குக் கொள்ளி நீதான் வைக்கணும். பெரியப்பா மகனக் கூப்புட வேணாம். அவன் கட்டார்ல இருக்கான்."

"சரிப்பா."

"இப்பல்லாம் பொம்பளப் புள்ளைங்க செய்யுறாங்கதானே. ஒன்னும் தப்பில்ல."

"சரிப்பா."

கொஞ்ச நேரம் பாதையைப் பார்த்தார். "ஒங்கத்தை மட்டும் அங்க வரக் கூடாது."

அவர் தீட்டிய கத்தியும், "பொணத்துக்கே சீலை குடுத்த மகராசி" என்ற சிரிப்பும் எனக்கு ஞாபகம் வந்தன. அதை அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், நான் அப்போது சின்னப் பிள்ளை என்பார்.

"அப்பா, கொள்ளிக்குடம் என் தோள்ல இருக்குமுன்னா, கூட யாரு வரணுமுன்னும் நான்தான் சொல்லுவேன்."

"அப்ப நீ செய்ய வேணாம்."

"சரி. யாரு செய்வா?"

பஸ் வந்தது. அவரைக் கைபிடித்து ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தேன். தலவாக்கலை வரை பேசவில்லை. தலவாக்கலையில் வடை வேண்டுமா என்று கேட்டார்.

அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது. அப்பா லயத்தில் இருக்கிறார், அதே வீட்டில். அத்தை ஹட்டனில் இருக்கிறார். வெள்ளை வண்டி பழுதாகித் தொழிற்சாலைக்குப் பின்னால் சக்கரம் இல்லாமல் நிற்கிறது. இப்போது நம்பரை அழுத்தினால் வெளியிலிருந்து ஆம்புலன்ஸ் வருகிறது, பாதை நன்றாக இருந்தால். டர்பன்டைன் மரங்களை வெட்டி விற்றுவிட்டார்கள். அந்த முடக்கு எது என்று புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. பெண்கள் எல்லாரும் அதைத் தாண்டிப் போகிறார்கள், வருகிறார்கள்.

அத்தை இதுவரை அம்மாவின் குழியைப் பார்த்ததில்லை.